நெற்றிக்காசில் இருந்த வைரக்குறி

என் வீட்டுக்காரருக்குத் தூரத்தில் வருகிற லாரியின் நம்பர் தெரியும், கையில் இருக்கிற காசின் வருஷம் தெரியாது. கிட்டத்துப் பார்வைக்கு அவருக்கு நான்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் பெரம்பலூரில் மற்ற வீடுகளில் கறி வேகும், எங்கள் வீட்டில் காசு பரப்புவார்கள். பழைய வேட்டி ஒன்றைத் தரையில் விரித்து, அந்த வாரம் சேர்ந்த சில்லறையைக் கொட்டி, என் கையில் லென்ஸைத் திணித்து, "குறி எங்க இருக்கு பாரு" என்பார். அடுப்பில் சோறு குழைந்துகொண்டிருக்கும். ஊருக்கெல்லாம் ரவிக்கை தைக்கிற கண், ஊசியில் ஒரே தடவையில் நூல் கோக்கிற கண் என்று புகழ்ச்சி வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் பஸ் கண்டக்டர். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே, சிமென்ட் லாரிகள் கிளப்பும் தூசியைத் தின்றுகொண்டு போய் வருவதுதான் வேலை. பையில் விழுகிற சில்லறையில் பிடித்த காசு ஒன்று வந்தால் எடுத்துக்கொள்வார். அதே மதிப்புக்குத் தன் காசு ஒன்றைப் பையில் போட்டுவிடுவார். கணக்கு சரியாகிவிடும். விலை கொடுத்து ஒரு காசுகூட வாங்கியதில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம். "காசு குடுத்துக் காசு வாங்கறவன் யாவாரி. தானா கையில வரணும்" என்பார், ஏதோ சாமி வரம் கொடுக்கிற மாதிரி.

அந்தக் குறி விஷயம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. காசில் வருஷம் போட்டிருக்கிறதே, அதற்குக் கீழே பொடியாக ஒரு அடையாளம் இருக்கும். வைர வடிவத்தில் சின்னதாக இருந்தால் பம்பாய் ஆலையில் அடித்தது. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். உருண்டைப் புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லாமல் மொட்டையாக இருந்தால் கல்கத்தா. இதைத் தெரிந்துகொண்டு என்ன சாப்பாடா போடப் போகிறார்கள்? ஆனால் வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து, கடைக்காரர் மீதி கொடுத்தால்கூட என் கண் தானாக வருஷத்தின் அடிக்குப் போய்விடுகிறது. அந்தக் கோபமும் எனக்கு உண்டு.

அவருடைய ஆல்பத்தில் 1985 ஒரு ரூபாய்க்கு என்று ஒரு வரிசை. இப்போது வருகிற பொத்தான் காசு இல்லை, அந்தக் காலத்துப் பெரிய ரூபாய். ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் கதிர்களுக்கு நடுவே ஒன்று, அடியில் வருஷம். அந்தச் சமயத்தில் சில்லறைத் தட்டுப்பாடு வந்து வெளிநாட்டிலும் அடித்துக் கொண்டுவந்தார்களாம். அதனால் அந்த ஒரு வருஷத்துக்கே பல குறிகள். வருஷத்துக்கு நட்டநடுவில் வைரம் இருப்பது ஒன்று. குறியே இல்லாதது ஒன்று. ஆங்கில எழுத்து H போட்டது ஒன்று. இந்த மூன்றும் வைத்திருந்தார். நாலாவது, அதே வைரம்தான், ஆனால் நடுவில் இருக்காது. 1985 என்பதில் முதலில் வருகிற ஒன்றின் அடியில் ஒதுங்கி இருக்கும். அதற்கான குழி மட்டும் காலி. உலகத்தில் கிடைக்காத பொருளும் இல்லை. திருச்சியில் காசு விற்கிறவர்களிடம் கேட்டால் ஒரு டீ வடைச் செலவுக்குத் தருவார்கள். இவர் வாங்கமாட்டார். தானாக வரவேண்டும்.

அது என் அப்பாவிடம் இருந்தது.

அப்பா தா.பழூர் பக்கம் நெல் விவசாயம். அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஆகாது. கல்யாணம் ஆன புதிதில், அறுப்பு முடிந்து எனக்கென்று ஒரு சிப்பம் அரிசியைத் தூக்கிக்கொண்டு அப்பா அரியலூரில் பஸ் ஏறினார். மருமகன் வண்டி என்று பெருமையாகப் பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். மருமகன் வந்து டிக்கெட் கிழித்து நீட்டினார். அதோடு விட்டாரா? அரிசிக்கு லக்கேஜ் டிக்கெட்டும் கிழித்தார்.

"எம் மவளுக்குத்தான மாப்ள கொண்டாரேன், உங்க வூட்ல பொங்கித் திங்கத்தான?" என்று அப்பா கேட்டிருக்கிறார்.

"யார் திங்கறதுன்னு கவர்மென்ட்டுக்குத் தெரியாது மாமா" என்று சொல்லிவிட்டு இவர் மீதியை எண்ணிக் கொடுத்திருக்கிறார். பஸ்ஸே சிரித்ததாம். அப்பா அந்த அரிசியை எங்கள் வாசலில் பொத்தென்று போட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல், வேறு பஸ் பிடித்துத் திரும்பிப் போனார். அதற்கப்புறம் தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார். இவரும் வேட்டியை வாங்கிக்கொள்வார், கட்டமாட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து இழுபட்டவள் நான். என்னை யாரும் கேட்கவில்லை.

பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது. அப்பா கைக்கும் வந்தது. பழைய காசு வைத்திருந்தால் லட்சாதிபதி என்று கத்துகிற வீடியோ ஒன்றை எவனோ அனுப்பியிருக்கிறான். அப்பா என்னை வரச்சொன்னார். போனேன். பீரோவுக்குள் இருந்து ஒரு துணியை எடுத்துப் பிரித்து, பெரிய ஒரு ரூபாயை என் உள்ளங்கையில் வைத்தார்.

"மார்க் எங்க இருக்கு பாரு பாப்பா. வீடியோல மார்க்குதான் முக்கியம்ங்கறான்."

எனக்கு லென்ஸ் தேவைப்படவில்லை. 1985. ஒன்றின் அடியில் வைரம், சுத்தமாக, தேயாமல்.

"லட்சமெல்லாம் இல்லப்பா. அவன் ஊரை ஏமாத்தறான். ரொம்பப் போனா டீக் காசு வரும். உங்க மாப்ளைகிட்டதான் இது இல்ல, தேடிக்கிட்டு இருக்காரு" என்றேன்.

அப்பா முகத்தைப் பார்க்கணுமே! லட்சம் போனதில் துளி வருத்தம் இல்லை. "அவங்கிட்ட இல்லியா?" என்று கேட்டார். "இல்லவே இல்லியா?" என்று மறுபடியும் கேட்டார். என் எதிரிலேயே போனைப் போட்டு, எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் மருமகனிடம் தானாகப் பேசினார். "மாப்ள, நல்லா இருக்கீங்களா? ஒன்னுமில்ல, எங்கிட்ட ஒரு காசு இருக்கு, அதான் சொல்லலாம்னு."

அதிலிருந்து கூத்துதான். மாமனார் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனுஷன், லீவு போட்டுவிட்டு ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு தா.பழூருக்குக் கிளம்பினார். அப்பா நாற்காலி போட்டு உட்காரவைத்து, காசைக் கையில் கொடுத்து, நன்றாகப் பார்க்கச் சொல்லி, திரும்ப வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டார். இவர் சட்டைப்பையில் இருந்து ஒரு ரூபாயை எடுத்து, "மாமா, ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபா. உங்களுக்கு நஷ்டமில்ல" என்றார். அப்பா, "எனக்கு அந்த ரூபாதான் மாப்ள புடிச்சிருக்கு" என்றார். ஆப்பிளை மட்டும் எடுத்துக்கொண்டார். அடுத்த மாதமும் இதே. இரண்டு கிழங்களும் ஒரு ரூபாயை வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டத்தைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அம்மா உயிரோடு இருந்திருந்தால் இரண்டு பேரையும் விளக்குமாற்றால் சாத்தியிருப்பாள்.

அப்பாவுக்கு நுரையீரலில் நீர் கோத்து அரியலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அண்ணன் வயலையும் மாட்டையும் சாக்கு சொல்லிப் பகலில் வந்து போவான். அண்ணிக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாதாம். தையல் மெஷினை மூடிவிட்டு நான்தான் கிடந்தேன். கஞ்சி கொடுப்பேன், துடைத்துவிடுவேன், சளி துப்பக் கிண்ணம் பிடிப்பேன். ஒரு நாள் மத்தியானம் கையைக் காட்டிக் கிட்டே கூப்பிட்டார். எனக்கு ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பெற்ற மகள் இத்தனை பாடுபடுகிறாளே, ஒரு வார்த்தை வரும் என்று காதைக் கொண்டுபோனேன்.

"அந்தக் காச எம் நெத்தியில வச்சு அனுப்பு. அவங்கிட்ட மட்டும் போயிடக் கூடாது. சத்தியம் பண்ணு."

கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். பண்ணிவிட்டு வெளியே வந்து, தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டு, "நல்லா இரு, நீயும் உன் காசும்" என்று திட்டினேன். பக்கத்தில் வாளி வைத்திருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். அந்த வாரமே அப்பா போய்விட்டார்.

எங்கள் பக்கம் பிணத்தைக் குளிப்பாட்டிக் கிடத்தியதும் நெற்றியில் ஒரு ரூபாய் ஒட்டுவார்கள். இப்போது யார் கையில் சில்லறை இருக்கிறது? எல்லாம் போனில்தான். சாவு வீடுகளில் ஒரு ரூபாய்க்கு ஆள் அனுப்புகிற காலம் இது. நான் யாரையும் தேடவிடவில்லை. பீரோவைத் திறந்து, துணியைப் பிரித்து, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, அப்பா நெற்றியில் என் கையாலேயே ஒட்டினேன். வருஷம் போட்ட பக்கம் வெளியே தெரியும்படி ஒட்டினேன். அது வேண்டுமென்றே செய்தது. வந்து பார்க்கட்டும் என்றுதான்.

பார்த்தார். மாலையைப் போட்டுவிட்டுத் தலைமாட்டில் குனிந்தவர் நிமிரவே இல்லை. மாமனார் மேல் இவ்வளவு பாசமா என்று ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள். எனக்கு மட்டும் தெரியும், அவர் கண்ணாடியை ஏற்றி ஏற்றி எதைப் பார்க்கிறார் என்று.

தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட வேண்டும். குடத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நாங்கள் திரும்பினோம். சுடுகாட்டுக்கு ஆண்கள் போனார்கள். அங்கே ஆண்கள் வாய்க்கரிசி போட்டு முடிந்ததும், கொள்ளி வைக்கும் முன்னால், நெற்றிக்காசை அங்கே வேலை பார்க்கிறவர் எடுத்துக்கொள்வார். அது அவருக்குச் சேரவேண்டியது. அது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். யாரிடம் போனாலும் பரவாயில்லை, மருமகனிடம் போகக் கூடாது. அப்பா கேட்டது அவ்வளவுதான். மறுநாள் எலும்பு பொறுக்கிக் கொள்ளிடத்தில் கரைத்தார்கள். என் சத்தியத்தை நிறைவேற்றிவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தேன்.

கருமாதி முடிந்து பெரம்பலூர் திரும்பினோம். ஞாயிற்றுக்கிழமை வந்தது. வேட்டி விரிக்கவில்லை. லென்ஸ் வரவில்லை. "துக்கத்துல இருக்க, உனக்கு எதுக்குச் சிரமம்" என்றார். சோறு குழையாமல் இறங்கியது. அடுத்த ஞாயிறும் அப்படியே. எனக்குச் சிரமம் என்று ஒன்று இருப்பது இந்த மனுஷனுக்கு எப்போது தெரிந்தது? மறுநாள் அவர் டூட்டிக்குப் போனதும் ஆல்பத்தை எடுத்தேன்.

நாலாவது குழி நிரம்பியிருந்தது.

ஜன்னலோரம் கொண்டுபோய் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 1985. வைரம் நடுவில் இல்லை. ஒன்றின் அடியில் இருந்தது. இந்தக் குறி உள்ள வேறு காசு தானாக வந்திருக்கக் கூடாதா என்று ஒரு நிமிஷம் நினைக்கத்தான் செய்தேன். மனசு அப்படிக் கெஞ்சியது. காசைத் திருப்பினேன். சிங்கத்தின் கால்களுக்கு நடுவே மஞ்சளாகச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. சேகரிக்கிற காசைக் கழுவக் கூடாது, கழுவினால் அதன் தோலே போய்விடும் என்பது இவர் சட்டம். அந்தச் சட்டப்படி கழுவாமல் வைத்திருக்கிறார். என் அப்பா நெற்றியில் நான் ஒட்டிய சந்தனத்தையும் சேர்த்து.

சாயங்காலம் வந்தவரைச் சட்டையைக் கழற்றக்கூட விடவில்லை.

"எப்படி எடுத்தீங்க?"

மறைக்கவும் இல்லை அவர். "வாய்க்கரிசி போடறப்ப. ஒரு ரூபாய வச்சிட்டுத்தான் எடுத்தேன். சும்மா ஒன்னும் எடுக்கல."

"பொணத்து நெத்தியிலயா சில்லற மாத்துனீங்க?"

"ஏய், வார்த்தைய அளந்து பேசு. அந்த ஆளுக்குப் போக வேண்டிய ஒரு ரூபா போயிடுச்சு. உங்கப்பா நெத்தியிலயும் கடைசி வரைக்கும் ஒரு ரூபா இருந்துச்சு. யாருக்கு என்ன கொறஞ்சுது சொல்லு?"

"நான் சத்தியம் பண்ணியிருக்கேங்க."

"செத்தவருக்கு வைரம் எங்க இருந்தா என்னடி? நடுவுல இருந்தா சொர்க்கத்துல சேக்க மாட்டாங்களா?"

கையில் இருந்த கரண்டியை வீசினேன். அவர்மேல் படவில்லை, ஆல்பத்தின்மேல் பட்டது. அதற்குத்தான் அவர் பதறினார். அந்தப் பதற்றத்தைப் பார்த்ததும் என் உடம்பெல்லாம் கூசியது. இந்த ஆள் திருடவில்லை. திருடியிருந்தாலாவது ஒருநாள் வெட்கப்படுவார். வாழ்க்கை பூராவும் பைக்குள் ஒன்றைப் போட்டு ஒன்றை எடுத்த கை, அங்கேயும் அதையே செய்திருக்கிறது, கணக்கு சரியாக இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குகிறது. கொள்ளிடத்தில் கொண்டுபோய்ப் போடுங்கள் என்றேன். "அரியலூர்ல கண்காட்சி வருது. அது முடியட்டும், நானே போட்டுட்டு வரேன்" என்றார். போடமாட்டார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கண்காட்சி அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நான் போயிருக்கவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் காசுகளைக் குறி பார்த்துப் பலகையில் அடுக்க அவருக்குக் கண் வேண்டும். எனக்கோ, அந்தக் காசு எங்கே போகிறதோ அங்கே நானும் போகவேண்டும் போல இருந்தது. பேசாமல் போனேன், பேசாமல் அடுக்கினேன். பலகையின் தலையில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்: "விலைக்கு வாங்கியவை அல்ல. தானாகக் கையில் வந்தவை."

நல்ல கூட்டம். 1985 வரிசைக்கு முன்னால்தான் நின்றார்கள். ஒரே வைரம் இங்கே நடுவில், இங்கே ஓரத்தில் என்று இவர் விரல் வைத்துக் காட்டக் காட்ட, கல்லூரிப் பெண்கள் போனில் படம் எடுத்தார்கள். கண்காட்சி நடத்துகிறவர்களில் ஒரு பெரியவர் வந்தார். நாலாவது காசை ஓரத்தில் பிடித்து எடுத்து, தன் லென்ஸில் பார்த்து, "பிரமாதம்ங்க. ஏதோ மஞ்சளா ஒட்டியிருக்கு, அதையும் கழுவாம வச்சிருக்கீங்க. எங்க கெடச்சுது?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் கண் சிமிட்டாமல் சொன்னார். "பஸ்லதாங்க. யாரோ ஒரு பெருசு டிக்கெட்டுக்குக் குடுத்துச்சு. அதுக்கு என்ன தெரியும், பாவம்."

யாரோ ஒரு பெருசு.

"எங்க அப்பா நெத்தியில இருந்ததுங்க அது" என்றேன். மண்டபத்துக்கே கேட்டது. "சுடுகாட்டுல, வாய்க்கரிசி போடறேன்னு போயி, பொணத்து நெத்தியிலேர்ந்து எடுத்தாரு. அது சந்தனம். நான் ஒட்டுனது."

பெரியவர் காசைப் பலகையில் வைக்கவில்லை, போட்டார். அது உருண்டு H போட்ட காசின்மேல் விழுந்தது. அவர் விரல்களை வேட்டியில் துடைத்தார், போதவில்லை போல, குழாய் எங்கே என்று கேட்டுக்கொண்டு போனார். படம் எடுத்த பெண்கள் எங்கள் முகத்தைப் பார்க்காமல் நழுவினார்கள். பக்கத்து மேஜைக்காரர் தன் மேஜையைச் சத்தமில்லாமல் ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன், குளுகுளுவென்று இருந்தது.

இவர் பலகையை மடக்கி, மற்ற காசுகளை ஆல்பத்தில் போட்டு, அந்த ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே வந்தார். நானும் பின்னால் போனேன். படிக்கட்டில் நின்று காசை என் பக்கம் நீட்டினார்.

"இந்தா. மானத்த வாங்கிட்ட இல்ல? கொண்டு போயி உங்கப்பாகிட்டயே குடு."

"அவரு எங்கங்க இருக்காரு, நான் கொண்டு போயிக் குடுக்க?"

சண்டைக்குத்தான் கேட்டேன். வழக்கமாக நான் கேட்கிற மாதிரி, எகிறிக்கொண்டுதான் கேட்டேன். ஆனால் பாதியில் குரல் உடைந்துவிட்டது. அப்பா எங்கேயும் இல்லை. தா.பழூரில் இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இல்லை. நான் இத்தனை நாளும் ஒரு காசைத் துரத்திக்கொண்டு திரிந்ததில் அது எனக்கே உறைக்கவில்லை. கடைசியாகக் காதுக்குள் சொன்னாரே, அதிலும் நான் இல்லை. இனிமேல் சொல்லவும் ஆள் இல்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடக்கூடத் தோன்றாமல், "அப்பா, அப்பா" என்று கத்தி அழுதேன். உள்ளே இருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் அந்தக் காசை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார்.